நாற்பது தலைகள், முப்பத்தொன்பது உடல்கள்

அத்தியாயம் 7

ஜெயராணி நாற்பது தாள்களையும் தரையில் பரப்பினார். டீப்பாயையும் ராபர்ட்டின் கால்களையும் ஒதுக்கிய பிறகுதான் இடம் போதுமானதாக இருந்தது.

"பன்னெண்டு சீட்டு குறையுதுக்கா," என்றான் அவருக்கு உதவியாக இருக்கும் ராபர்ட். "இருந்திருந்தா ரம்மி ஆடலாம்."

உதவி கேட்டு வந்திருந்த எழிலரசி சிரிக்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். காலை காபி அவள் முன்னால் ஆடை கட்டிக் கிடந்தது.

அவள் வேலை பார்த்தது சிதம்பரத்தில் அலைமணி என்ற சின்ன மென்பொருள் நிறுவனத்தில். கடலோரக் குப்பங்கள் நாற்பதில் கம்பம் நட்டு சைரன் வைத்த நிறுவனம். சூறைக்காற்று கிளம்பினால் நாற்பதும் ஒரே சமயத்தில் ஊத வேண்டும். போன மாதம் முப்பத்தொன்பது ஊதின. செம்மணல்குப்பத்தில் ஊதவில்லை. அங்கே மீனவர் காத்தவராயன் ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு போனார். படகு மட்டும் கரை ஒதுங்கியது.

செம்மணல்குப்பம் எழிலரசியின் ஊர். அந்த ஊரின் முதல் இன்ஜினியர் அவள்.

கம்பத்துக்குள் இருந்த சிம் கார்டை யாரோ மாற்றியிருந்தார்கள். மென்பொருளிடம் பழைய எண்ணே இருந்தது; ஊதச் சொன்ன அழைப்பு போய்ச் சேரவில்லை. சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். சோதிக்க ஏற்பாடு இருந்தது, அதை எழிலரசி கெடுத்துவிட்டாள் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்திருந்தது. இன்று மூன்று மணிக்குக் கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் விசாரணை. அங்கிருந்து அவள் வீட்டுக்குப் போவாளா, ஸ்டேஷனுக்குப் போவாளா என்பதை இந்தத் தாள்கள்தான் முடிவு செய்யும்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றார் ஜெயராணி. "எனக்கு வேணாம், இவனுக்குச் சொல்லு. இவனுக்குப் புரிஞ்சா ஆபீசருக்கும் புரிஞ்சிடும்."

"ஆபீசர் பாவம்," என்றான் ராபர்ட்.

எழிலரசி அவன் பக்கம் திரும்பினாள். "ஊருக்கு ஒரு ஸ்கிரிப்ட் அண்ணே. கம்ப்யூட்டருக்கு வரிசையா வேலை சொல்ற ஃபைல். அந்த ஊர் கம்பத்துக்குப் போன் போடு, ஊதாம பதில் மட்டும் சொல்லுன்னு கேளு. பதில் வந்தா பச்சை. வரலன்னா சிவப்பு."

"சரி."

"எல்லா ஸ்கிரிப்ட்டுலயும் மேல பன்னெண்டு வரி ஒண்ணாவே இருக்கும். எடத்த சுத்தம் பண்ணு, பழைய பதிவ அழி, தப்பு வந்தா நில்லுன்னு. முதல் ஃபைல்ல எழுதினத மத்ததுக்கெல்லாம் காப்பி அடிச்சுட்டாங்க. ஒண்ண மாத்தணும்னா நாப்பது எடத்துல மாத்தணும். நான் அத எல்லாத்துலருந்தும் எடுத்துட்டு, பொதுவா ஒரே ஃபைல்ல வச்சேன். ஒவ்வொண்ணுலயும் மேல ஒரு வரி மட்டும். அந்தப் பொது ஃபைலக் கூப்புடுன்னு."

"வீட்டுக்கு வீடு இருந்த ஆட்டுக்கல்லத் தூக்கிட்டு தெருவுக்கு ஒரு மாவு மில்லு வச்சிருக்க."

"அதான் அண்ணே."

"நல்ல காரியம்தான. மில்லுக்காரிய எதுக்குப் புடிக்கிறாங்க?"

ஜெயராணி ஒரு தாளை எடுத்து நீட்டினார். செம்மணல்குப்பத்தின் தாள். தலைப்பகுதியில் ஒரு வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். சிம் எண்ணைச் சரிபார்க்கும் வரி.

"இந்த ஊருக்கு மட்டும் தலையில ஒரு வரி கூடுதலா இருந்துச்சாம். எல்லாம் ஒண்ணுதான்னு இவ சேர்த்துத் துடைச்சுட்டாளாம். இது இவ துடைக்கறதுக்கு முன்னாடி இருந்த நகலாம்."

"கம்ப்யூட்டர்ல யாரு என்னைக்கு எத மாத்துனாங்கன்னு இருக்காதா?"

"அந்த சர்வர மழைத்தண்ணி எடுத்துடுச்சுன்னு சொல்றாங்க," என்றாள் எழிலரசி. "ஒரு ஹார்டு டிஸ்க்ல இருந்துச்சுன்னு இந்த நாப்பதயும் குடுத்திருக்காங்க."

"மழைக்கு எதத் தூக்கணும்னு தெரிஞ்சிருக்கு," என்றான் ராபர்ட்.

"இந்த வரி இருந்துச்சா?" என்று கேட்டார் ஜெயராணி.

"இல்லக்கா."

"படிச்சுப் பாத்தியா?"

"ஒரே கட்டளையில நாப்பதயும் மாத்தினேன். ஒண்ணொண்ணா பாக்கல."

பதில் யோசிக்காமல், கேள்வியை ஒட்டியே வந்தது. ஜெயராணி அதைக் கவனித்தார். மேலே கேட்காமல் தரையில் மண்டியிட்டார்.

இருபது வருடம் கல்லூரித் தேர்வுகளில் பறக்கும் படையில் இருந்தவர் ஜெயராணி. அந்த இருபது வருடத்தில் அவர் ஒரு சரியான விடையையும் படித்ததில்லை. சரியான விடை எல்லோருக்கும் ஒன்றுதான். யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று தவறுதான் சொல்லும்.

அவர் தலைகளை மட்டும் படித்துக்கொண்டு போனார்.

"நாலாவது வரியும் ஒம்பதாவது வரியும் ஒண்ணா இருக்கே."

"பழைய பதிவ அழிக்கிற வரிக்கா. சபாபதி சார்தான் முதல் ஸ்கிரிப்ட் எழுதினாரு. தெரியாம ரெண்டு தடவ போட்டுட்டாரு. மத்தவங்க அப்படியே எடுத்துக்கிட்டாங்க. எழுதியவர் சபாபதின்னு முதல் வரியில இருக்கு பாருங்க. அவரு எழுதாததுலயும் இருக்கும்."

"மண்டபத்துக்காரன் பேரு எல்லாக் கல்யாணப் பத்திரிகையிலயும் வர்ற மாதிரி," என்றான் ராபர்ட். "மாப்பிள்ளை யாரா இருந்தாலும்."

"நீ என்ன பண்ண?" என்று எழிலரசியிடம் கேட்டார் ஜெயராணி.

"ஒரு தடவ அழிச்சா போதும்ல. பொது ஃபைல்ல ஒண்ண எடுத்துட்டேன். பதினொரு வரி."

ஜெயராணி நிமிர்ந்தார். "ராபர்ட், ஒவ்வொரு தலையிலயும் எத்தன வரி, எண்ணு."

அவன் தவழ்ந்து தவழ்ந்து எண்ணினான். "பன்னெண்டு. பன்னெண்டு. எல்லாம் பன்னெண்டுதான்."

"செம்மணல்குப்பம்?"

"அதுவும் பன்னெண்டு. குறையொண்ணும் இல்ல."

"ஒரு வரி கூடுதலா இருந்துச்சுங்கறதுதான புகாரு."

ராபர்ட் தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மறுபடி எண்ணினான். பதிமூன்று வரவில்லை.

"பழைய பதிவ அழிக்கிறது இதுல ஒரு தடவதான் இருக்கு," என்றான்.

"முப்பத்தொம்பது பேரு ஒரே தப்பப் பண்ணியிருக்காங்க. ஒருத்தன் மட்டும் யோக்கியன்."

"அந்த யோக்கியனத்தான் உள்ள போடணும்."

"இது பழைய தலையே இல்ல," என்றார் ஜெயராணி. "இவ சுத்தம் பண்ணி வச்ச பதினொரு வரி. அது மேல ஒரு வரியச் சொருகியிருக்காங்க. கீழ வேற ஏதோ ஒரு ஊரோட உடம்பு. முன்னாடி இருந்ததுன்னு காட்டறாங்க. செஞ்சது பின்னாடி."

எழிலரசி தாளை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். முகத்தில் வர வேண்டியது வரவில்லை.

"அப்ப இது போதும்லக்கா?"

"பாதி. இது பொய்ன்னா நெஜம் எதுன்னு கேப்பாங்க. சபாபதி எங்க இருக்காரு?"

"வேலைய விட்டுட்டாரு. சிதம்பரத்துலதான். அவரு எதுக்குக்கா? பாவம், அவர இழுக்க வேணாம்."

ஜெயராணி தாள்களை அடுக்கினார். "நீ நேரா கலெக்டர் ஆபீசுக்கு வந்துடு. நாங்க போயிட்டு வர்றோம்."

ராபர்ட்டின் மாருதி மூன்றாவது கியரில் முனகும். முட்லூர் வரை அது மூன்றாவது கியரில்தான் போனது. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர்.

"எனக்கு ஒண்ணு இடிக்குது," என்றான். "பொய்த்தாள் செய்யறவன் பழைய தலையவே ஒட்டியிருக்கலாமே. பக்கத்துலயே முப்பத்தொம்பது கெடக்கு."

"டிஸ்க்கத் தேடி எடுக்கறது சுலபமா? அழகா ஒரே எடத்துல இருக்கறத எடுக்கறது சுலபமா?"

"மாவு மில்லு திருடனுக்கும் வசதியாப் போச்சு."

"எனக்கு இடிக்கறது வேற. ஒரு வரி கூடுதலா வேணும்னா, இருக்கற பழைய ஃபைல்ல சொருகியிருந்தா முடிஞ்சுது. எதுக்கு முழுசா செய்யணும்?"

"பழைய ஃபைல் இல்லையோ என்னவோ."

"இல்ல, காட்ட முடியாத மாதிரி இருந்துச்சோ."

வெள்ளாற்றுப் பாலத்தில் டிராக்டர் ஒதுங்கி வழி விட்டது. ராபர்ட் ஹார்ன் அடித்து நன்றி சொன்னான். பிறகு, "அந்தப் பொண்ணு ஏன்க்கா சந்தோஷப்படல?" என்று கேட்டான்.

ஜெயராணி ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சிதம்பரம் மேல வீதியில் சபாபதியின் மனைவி திலகவதிக்கு ஜெராக்ஸ் கடை. சபாபதி உள்ளே இயந்திரத்துக்குத் தாள் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, சவரம் செய்யாத முகம்.

"வேலைய விட்டும் காப்பி எடுக்கறத விட மனசு வரல போலருக்கு," என்றான் ராபர்ட்.

சபாபதி கோபப்படவில்லை. ஜெயராணி தான் யாரென்று சொன்னதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். முதல் தாளைக் காட்டியதும் அவர் விரல் தானாக ஒன்பதாவது வரிக்குப் போனது.

"என் முட்டாள்தனம். அஞ்சு வருஷமா எல்லா ஊருலயும் ஓடிக்கினு இருந்துச்சு. எதுக்கு சார் ரெண்டு தடவன்னு கேட்டது அந்தப் பொண்ணு ஒண்ணுதான்."

ஜெயராணி செம்மணல்குப்பத்தின் தாளை வைத்தார். சபாபதி மேலிருந்து கீழ்வரை படித்தார். இயந்திரம் தாள் கேட்டு விளக்கை மினுக்கியது. அவர் கவனிக்கவில்லை.

"இத நான் பாத்ததே இல்ல."

"நெஜமான ஃபைல் எப்படி இருந்துச்சு?"

சபாபதி பக்கத்திலிருந்த தாள்கட்டிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவினார். செம்மணல்குப்பத்துத் தாளின் கீழ்ப்பகுதியை மறைத்து வைத்தார். பன்னிரண்டு வரி மட்டும் தெரிந்தது. மீதி வெள்ளை.

"இப்படி," என்றார்.

"கீழ?"

"கீழ ஒண்ணும் இல்ல. தலை மட்டும்தான். என் ஒம்பதாவது வரியோட."

ராபர்ட் குனிந்து வெள்ளைத்தாளைப் பார்த்தான். "இது ஓடுமா சார்?"

"ஜோரா ஓடும். எடத்த சுத்தம் பண்ணும். பழைய பதிவ அழிக்கும். இன்னொரு தடவ அழிக்கும். முடிச்சுக்கும். தப்பு வந்தாதான நிக்கும்? போன் போட்டாதான தப்பு வரும்? எதுவுமே செய்யல, அதனால எதுவும் தப்பா போகல. பச்சை விழுந்துடும்."

"யாரு வச்சது?"

"ஜெயசீலன். ஓனரு. நாப்பது ஊரு, நாப்பது பச்சைன்னு மேடையில திரை போட்டுக் காட்டணும். செம்மணல்குப்பம் கடைசியா சேர்ந்த ஊரு, அன்னிக்குக் கம்பமே நட்டு முடியல. தலைய மட்டும் ஒட்டு, உடம்ப அப்புறம் பாத்துக்கலாம்னாரு. காத்தவராயன் போனப்புறம் டிஸ்க்ல இருந்த அந்த ஒண்ண மட்டும் அவரே அழிச்சாரு. நான் பாத்துக்கினு நின்னேன். மறுநாள் வேலைக்குப் போகல."

"நாப்பது தலை, முப்பத்தொம்பது உடம்பு," என்றான் ராபர்ட். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே பிடிக்காமல் போனது.

"விசாரணையில இதச் சொல்றீங்களா?" என்று கேட்டார் ஜெயராணி.

சபாபதி வாசல் பக்கம் பார்த்தார். திலகவதி சில்லறை எண்ணுவதை நிறுத்தாமலே சொன்னாள். "போயிட்டு வாங்க. கடைய நான் பாத்துக்கறேன். இங்க நின்னு எல்லாத்தயும் தலைகீழாதான் எடுக்கறீங்க."

அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். கார் கதவைப் பிடித்தபடி நின்றார். ஏறவில்லை.

"மேடம், என்னைய உள்ள கூப்புட்டா கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்வேன். பாதி சொல்லத் தெரியாது எனக்கு. எழிலரசி உங்ககிட்ட சொல்லிச்சா?"

"எத?"

"நாப்பது ஃபைல்லயும் தலைய எடுத்தா என்ன மிச்சம் இருக்கும்? உடம்பு இருக்கும். ஒண்ணுல மட்டும் ஒரு வரி இருக்கும், பொது ஃபைலக் கூப்புடுங்கற வரி. பாத்த உடனே தெரிஞ்சிடும்."

ஜெயராணி தாள்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"தெரிஞ்சுது. அன்னிக்கே எங்கிட்ட வந்துச்சு. சார், எங்க ஊருக்கு டெஸ்ட்டே இல்லன்னு. நான் ஓனரக் கேளுன்னேன். அவரு, உங்க ஊருதான, நீயே எழுது, தீபாவளி கழிச்சு எழுதிக்கன்னாரு. பொண்ணு சரின்னுது. நானும் சரின்னுட்டேன்." அவர் ஏறி உட்கார்ந்தார். "காத்து தீபாவளிக்கு முன்னாடி வந்துடுச்சு."

கடலூர் வரை ராபர்ட் ஒரே ஒரு வாக்கியம் பேசினான். அது பெட்ரோலைப் பற்றியது.

கலெக்டர் அலுவலக வளாகத்தில் புங்கமர நிழலில் எழிலரசி நின்றுகொண்டிருந்தாள். தள்ளி, கட்டடத்தின் படிகளில் செம்மணல்குப்பத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காத்தவராயனின் மனைவி முத்தம்மாள். எழிலரசிக்கும் அவர்களுக்கும் இடையில் யாரும் நிற்காத ஒரு வெயில் பரப்பு.

காருக்குள் சபாபதி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணொண்ணா பாக்கலன்னு சொன்ன," என்றார் ஜெயராணி.

"பாத்தேன்க்கா."

"எங்கிட்ட ஏன் மறைச்ச?"

"நீங்க விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு நெனச்சேன்."

ஜெயராணி தாள்கட்டை அவள் கையில் கொடுத்தார். "இந்தத் தாளை மட்டும் காட்டினா போதும். ஜெயசீலன் பொய்ப் பத்திரம் குடுத்தாருன்னு ஆயிடும். நீ சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம். சபாபதி கார்லயே உக்காந்திருப்பாரு."

"அவரு உள்ள வந்தா?"

"அந்த ஊர சோதிக்கவே இல்லன்னு வெளிய வரும். மத்த ஊருங்களயும் மறுபடி சோதிங்கன்னு உத்தரவு போடுவாங்க. போன மாசம் ஊதினதுல இப்ப எத்தன கம்பம் செத்துக் கெடக்குதோ, தெரியும். உனக்கு முன்னாடியே தெரியும்னும் வெளிய வரும்."

எழிலரசி தாள்களின் ஓரத்தை ஒன்றாகத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"ஒரு சாயங்காலம் உக்காந்திருந்தா எழுதி முடிச்சிருப்பேன்க்கா. தினமும் காலைல திரையில பாப்பேன். நாப்பது பச்சை. அதுல ஒண்ணு பொய்ன்னு எனக்குத் தெரியும். பாக்கப் பாக்க அதுவும் நெஜம் மாதிரியே ஆயிடுச்சு. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம்னு." அவள் படிகளைப் பார்த்தாள். "கம்பம் நட்ட அன்னிக்கு என் கையில மைக்கு குடுத்தாங்க. ஊரே இருந்துச்சு. இனிமே வானத்தப் பாத்துக்கினு உக்கார வேணாம், சைரன் ஊதலன்னா தைரியமா போங்கன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க."

"அக்கா," என்றான் ராபர்ட். "டவாலி வந்துட்டாரு."

மாடி வராந்தாவில் பெயர் கூப்பிடும் சேவகர் கையில் காகிதத்தோடு கீழே எட்டிப் பார்த்தார்.

எழிலரசி தாள்கட்டை ஜெயராணியிடமே திருப்பிக் கொடுத்தாள். வெயிலைக் கடந்து படிகளுக்குப் போனாள். உட்கார்ந்திருந்தவர்களில் இருவர் எழுந்து நகர்ந்துகொண்டார்கள். அவள் முத்தம்மாளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"அத்த, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

முத்தம்மாள் திரும்பவில்லை.

எழிலரசி சொன்னாள். கணினியைப் பற்றியோ வரிகளைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. நம்ம ஊர்க் கம்பத்தை யாரும் சோதிக்கவில்லை, அது எனக்கு முன்பே தெரியும், செய்கிறேன் என்று சொல்லிச் செய்யாமல் இருந்துவிட்டேன் என்றாள். அவ்வளவுதான். ஜெயராணிக்கு அது மரத்தடி வரை கேட்டது.

நகர்ந்து நின்ற இருவரில் ஒருவன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். ராபர்ட் ஓடினான். அதற்குள் முத்தம்மாளே அந்த ஆளின் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அன்னிக்கு விடிகாலயில அவரு படுத்துக்கினேதான் இருந்தாரு," என்றாள். "காத்து ஒரு மாதிரியா கீது, இன்னிக்கு வேணாம்னாரு. நான்தான் எழுப்புனேன். சைரன் ஊதலியே, அந்தப் பொண்ணு சொல்லிச்சுல்ல, எழுந்து போன்னு."

எழிலரசி முகத்தை மூடிக்கொண்டாள்.

"இத நான் யாருகிட்டயும் சொல்லல. எம் புள்ளைங்ககிட்டகூட சொல்லல."

மாடியிலிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். முழுப் பெயர், தகப்பன் பெயர், ஊர். இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள்.

எழிலரசி எழுந்தாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். நேராகக் காருக்கு வந்து பின்கதவைத் திறந்தாள்.

"வாங்க சார்," என்றாள் சபாபதியிடம். "கூப்புடறாங்க."